சரக்கின் சீட்டும் சங்கத்தின் நாணயமும்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நாம் முதலில் கேட்பது பணப்பெட்டியின் சாவியை. அடுத்துக் கேட்பது கிட்டங்கியின் சாவியை. இவ்விரண்டும் எவரிடம் உள்ளன என்பதைச் செயலாளர் தடையின்றிச் சொல்லிவிடுவார். மூன்றாவதாக, "லேபிள் வைத்திருக்கும் அலமாரியின் சாவி எங்கே?" என்று கேட்டால், அவர் சற்றே திகைத்து நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். "அதற்கெதற்குச் சாவி, ஐயா? வெறும் காகிதந்தானே!" என்று சிரித்தவர்களும் உண்டு.

அந்த வெறும் காகிதத்தைப் பற்றியும், ஆலைகளில் அதனைக் காத்து வழங்கும் அலுவலரின் வேலையைப் பற்றியும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம். மஞ்சளும் மிளகாயும் விளைவிப்பவர்களுக்கும், சேலையும் வேட்டியும் நெய்பவர்களுக்கும் இது பொதுவான செய்தியே. வாங்குபவர் விளைவித்தவரையும் அறியார், நெய்தவரையும் அறியார். சரக்கின்மேல் ஒட்டியோ தைத்தோ இருக்கும் சீட்டு ஒன்றையே அவர் நம்பிக் காசு கொடுக்கின்றார்.

சீட்டு சொல்லும் செய்தி

லேபிள் என்று வழங்கும் விவரச் சீட்டில் எவை இருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதனையொட்டி 2011-இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளும் அதனை வரையறுத்துள்ளன. தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், பொருளின் வழக்குப் பெயர், நிகர எடை அல்லது அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் முறையிட வேண்டிய முகவரி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அலகு விலை குறிப்பதும் இப்பொழுது இவற்றோடு சேர்ந்துள்ளது.

உணவுப் பொருளாயின் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பதினான்கு இலக்க உரிம எண், தொகுதி எண், எந்நாள் வரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சைவ உணவுக்குரிய பச்சை வட்டம் ஆகியவை வேண்டும். பல பொருள்கள் கலந்த பொடியாயின், அவை எடையில் மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தப்பட வேண்டும். வேர்க்கடலை, பால், சோயா, கோதுமை போன்றவை சிலருடைய உடலுக்கு ஒவ்வாதவை. அவை கலந்திருந்தால் அதனையும் தனியே குறித்தல் வேண்டும்.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஆலையில் வேறொருவருடைய கையிலிருந்து வருவது. எடையைத் தராசுக்காரர் அறிவார். விலையைக் கணக்கர் அறிவார். கலவையைப் பொடி அறையின் மேற்பார்வையாளர் அறிவார். சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் கொள்முதல் எழுத்தர் அறிவார். இவ்வளவு பேருடைய சொல்லையும் ஒரு சிறு காகிதத்தில் பிழையின்றி ஒன்றுசேர்ப்பதே லேபிள் அலுவலரின் முதல் வேலை. மிளகாய் விலை ஏறிவிட்டதென்று கலவையில் அதன் பங்கைக் குறைத்தால், சீட்டிலுள்ள வரிசையும் மாறக்கூடும். 'ஈரோடு மஞ்சள்' 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு மாநிலத்து மஞ்சளை வாங்கி அரைத்துவிட்டு அப்பெயரை அச்சிட்டால் அது குற்றமாகும். ஆகவே கொள்முதலில் நேரும் மாறுதல் ஒவ்வொன்றும் அன்றே லேபிள் அலுவலருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். தெரிவிக்காத ஆலையில் அவர் அறியாமலே பொய் எழுதியவராகிவிடுவார்.

ஒரு நாள் வேலை

விளைபொருள் விற்பனைச் சங்கமொன்று நடத்தும் பொடி ஆலையில், இப்பொறுப்பிலிருக்கும் அம்மையார் ஒருவர் வேலை செய்யும் முறையை ஒரு நாள் முழுதும் உடனிருந்து கவனித்தோம். அதனை அப்படியே கூறுகின்றோம்.

அச்சகத்திலிருந்து புதிய லேபிள் வந்தவுடன் அவர் அதனை அலமாரியில் வைத்துவிடுவதில்லை. ஒப்புதல் பெற்ற மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகின்றார். '100 கிராம்' என்பதில் ஒரு சுழி விடுபட்டாலும் கட்டு முழுவதும் திரும்பிச் செல்லும். சரியாக இருந்தால் எண்ணிக்கையைப் பதிவேட்டில் வரவு வைத்துப் பூட்டுகின்றார். வழக்கிழந்த பழைய மாதிரிகள் அதே அலமாரியில் இருப்பதற்கு இடமில்லை. இருவர் முன்னிலையில் அவை கிழித்து அழிக்கப்பட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடுகின்றனர்.

பொட்டலமிடும் அறைக்கு அவர் எண்ணித்தான் கொடுக்கின்றார். அன்றைய தொகுதி எண்ணையும் தேதியையும் அச்சிட்ட பின், முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் எடுத்து அந்தத் தொகுதியின் ஏட்டில் ஒட்டிக்கொள்கின்றார். வேலை தொடங்குவதற்கு முன், முந்தைய தொகுதியின் சீட்டோ பொட்டலமோ மேசையின்மீதும் கீழும் கிடக்கவில்லை என்று நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே புதிய கட்டு பிரிக்கப்படும்.

மாலையில் நடப்பது கணக்கு ஒத்துப் பார்த்தல். அன்று மஞ்சள் தூளுக்குக் கொடுத்த லேபிள் 5,000. நல்ல பொட்டலங்களில் ஒட்டியது 4,860. கிழிந்தும் மை கலைந்தும் கெட்டவை 73. ஏட்டில் ஒட்டிய மாதிரி 2. அறையிலிருந்து திரும்பி வந்தவை 65. நான்கையும் கூட்டினால் 5,000. கெட்டவற்றையும் தேதி அச்சிட்டுத் திரும்பியவற்றையும் அங்கேயே கிழித்துப் போட்டார். தேதியிட்ட சீட்டு மறுநாளைக்கு உதவாது. உதவுவது போல் கிடந்தால் அதனினும் ஆபத்து வேறில்லை.

பொட்டலத்தின் உறையிலேயே விவரங்களை அச்சிட்டு, சுருளாக வாங்கும் ஆலைகளும் உண்டு. அங்கே சீட்டுக்குப் பதிலாகச் சுருளின் எடையையோ நீளத்தையோ கணக்கிட வேண்டும், முறை ஒன்றே.

காணாமற்போன ஐந்து

அதே ஆலையில் சில மாதங்களுக்கு முன் நடந்ததை அதன் செயலாளரே நம்மிடம் கூறினார். அங்கே இருவகை இட்லிப் பொடி தயாராகின்றது. ஒன்றில் எள் சேர்ப்பார்கள். மற்றொன்றில் வேர்க்கடலை சேர்ப்பார்கள். உறை ஒன்று போலவே இருக்கும், சீட்டுத்தான் வேறு. ஒரு நாள் எள்ளுப் பொடியின் கணக்கில், கொடுத்தது 5,000, ஒட்டியது 4,872, கெட்டது 51, மாதிரி 2, திரும்பியது 70. மொத்தம் 4,995. ஐந்து சீட்டுக்கள் இல்லை.

வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. "ஐயாயிரத்தில் ஐந்து லேபிள்தானே, அம்மா! கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், வண்டியை அனுப்பிவிடலாம்" என்றார் மேற்பார்வையாளர். "அந்த ஐந்தும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரிந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், ஐயா" என்று அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டார். லாரி இரண்டு மணி நேரம் நின்றது. செயலாளருக்கும் அப்பொழுது கோபந்தான்.

மேசையின் கீழ் ஒன்றுமில்லை. குப்பைக் கூடையிலும் இல்லை. இறுதியில் அடுத்த மேசையில் பொட்டலமிட்ட வேர்க்கடலைப் பொடியின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார்கள். மூன்றாவது பெட்டியில் அந்த ஐந்தும் இருந்தன. வேர்க்கடலைப் பொடியின்மேல் எள்ளுப் பொடி என்று ஒட்டியிருந்தன. உணவு வேளையில் இடம் மாறி உட்கார்ந்த பெண் ஒருவர், கையோடு கொண்டுவந்த சீட்டை அறியாது ஒட்டிவிட்டிருக்கின்றார்.

வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. சிறிதளவு தின்றாலும் அவர்களுள் சிலருக்கு உடல் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகைய குழந்தையின் தாய் கடையில் நின்று சீட்டைத்தான் படிப்பாள். படித்துவிட்டு நம்பி வாங்குவாள். ஐயாயிரத்தில் ஐந்து என்பது மேற்பார்வையாளருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றியது. அந்தத் தாய்க்குக் கிடைப்பது ஒரே ஒரு பொட்டலந்தான்.

அந்தச் செயலாளர் இதனை நம்மிடம் மறைக்காமல் சொன்னதற்காக அவரைப் பாராட்டுகின்றோம். மறுநாளே இருவகைப் பொடியும் ஒரே வேளையில் ஒரே அறையில் பொட்டலமிடுவதை நிறுத்தினார். இரு சீட்டுகளுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தார்.

தொகுதி எண்ணின் பயன்

தொகுதி எண்ணை விளைவிப்போர் பலர் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அவர்களைக் காப்பது அந்த எண்ணே. எடுத்துக்காட்டாக, சங்கத்தின் மஞ்சள் தூள் பொட்டலம் ஒன்று சோதனைக்குச் சென்று, அதில் பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருப்பதாகத் தெரிகின்றது என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவதற்கு 2017-ஆம் ஆண்டு முதல் தனி ஒழுங்குமுறையே உண்டு. சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு ஏட்டைப் பார்த்தால், அந்தத் தூள் எந்த நாளில் அரைத்தது, எந்த மூட்டைகளிலிருந்து வந்தது, அம்மூட்டைகளை அளித்த அங்கத்தினர் எவர் என்பது வரை தொடர்ந்து செல்லலாம். இருபது மூட்டையில் தவறு என்றால் இருபது மூட்டையோடு நிற்கும்.

எண் இல்லாவிடில், அல்லது எண் இருந்தும் ஏடு இல்லாவிடில், எது நல்லது எது தீயது என்று பிரிக்க வழியில்லை. கடைகளிலுள்ள சரக்கு முழுவதும் திரும்பும். பூச்சிமருந்தைக் கையாலும் தொடாத விவசாயியின் மஞ்சளும் அதனுடன் சேர்ந்து கெட்ட பெயர் எடுக்கும். நல்ல சரக்கைத் தனித்துக் காட்ட அவருக்குள்ள ஒரே சாட்சி லேபிள் அலுவலர் எழுதிய அந்த ஏடுதான்.

கைத்தறிச் சங்கத்தில் நேர்ந்தது

இனி நெசவாளர் பக்கம் வருவோம். துணியின்மேல் குறியிட வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. 1889-ஆம் ஆண்டின் இந்திய வணிகக் குறிகள் சட்டமே பீஸ் துணிகளின் நீளத்தைக் கெஜக் கணக்கில் முத்திரையிட வேண்டுமென்று விதித்தது. துணி எத்தனை கெஜம் என்பது அன்றைய கேள்வி. அது எவ்வாறு நெய்யப்பட்டது என்பது இன்றைய கேள்வி. விசைத்தறித் துணியையும் கைத்தறித் துணியையும் பிரித்தறிவது வாங்குபவர் பலருக்கு எளிதன்று. அதற்காகவே 2004-இல் பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரையும், 2006-இல் கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் முத்திரையும் வந்தன. 2015 ஆகஸ்டு 7-ஆம் நாள், முதலாவது தேசியக் கைத்தறி நாளன்று, தரமிக்க கைத்தறித் துணிகளுக்கான 'இந்தியா ஹேண்ட்லூம்' என்னும் முத்திரை சென்னையில் தொடங்கப்பெற்றது. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை.

இம்முத்திரைச் சீட்டுக்கள் பதிவு பெற்றவர்களுக்கே கிடைக்கும். பெற்ற பின் அவற்றைத் தம் தறியில் நெய்த துணியில் மட்டும் தைப்பது சங்கத்தின் பொறுப்பு.

நெசவாளர் சங்கமொன்றில் நாம் ஆய்வு செய்தபொழுது, அதன் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை, அவ்வாண்டில் வாங்கிய கைத்தறி முத்திரைச் சீட்டுக்கள் 2,000 என்று பட்டியல் காட்டியது. கூலிப் பதிவேட்டின்படி அங்கத்தினர் நெய்து கொடுத்த சேலைகள் 1,640. அலமாரியில் எஞ்சியிருந்த சீட்டுக்கள் 148. ஆக 212 சீட்டுக்களுக்குக் கணக்கில்லை. அலமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. லேபிளுக்கென்று பதிவேடே இல்லை.

விசாரித்ததில், தீபாவளிக் கூட்டத்திற்குச் சரக்குப் போதாதென்று வெளியிலிருந்து சேலைகள் வாங்கப்பட்டதும், அவற்றிலும் முத்திரைச் சீட்டு தைக்கப்பட்டதும் தெரியவந்தன. வாங்கியவர்களை ஏமாற்றியது ஒரு புறமிருக்க, அச்சங்கத்தின் மூத்த நெசவாளர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டது நம் செவியில் இன்னும் நிற்கின்றது. "நூல் வரவில்லை, பாவு இல்லை என்று எங்களைப் பதினைந்து நாள் சும்மா உட்கார வைத்தீர்களே. அந்த மாதத்திலே 212 சேலை எங்கிருந்துங்க வந்தது?" என்றார் அவர். எவரும் விடை கூறவில்லை.

ஒரு சேலைக்கு இரண்டு நாள் என்று கொண்டாலும் 212 சேலைக்கு 424 தறி நாள். அத்தனை நாட்களின் கூலியும் அவ்வூரின் தறிக்காரர் வீடுகளுக்கு வந்து சேராமற் போயிற்று. நாம் அறிக்கையில் 'சீட்டுக்கள் குறைவு' என்று எழுதினோம். அக்குறைவு எவருடைய அடுப்பில் விழுந்தது என்பதை அப்பெரியவர் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் அதே சங்கத்தை ஆய்வு செய்தவர்களும் நாமே. பணத்தை எண்ணினோம்; துணியை எண்ணினோம்; நூலை நிறுத்தோம். லேபிள் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. இப்பொழுது மூன்றாவது சாவியைக் கேட்பது அதற்குப் பிறகு வந்த பழக்கமேயாகும்.

அலுவலருக்கு வேண்டிய அதிகாரம்

இவ்வேலைக்கு வருபவர் நன்றாகப் படிக்கவும் எண்ணவும் தெரிந்தவராக இருந்தாற் போதாது. 'நில்' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இன்று எத்தனை பொட்டலம் ஏறிற்று என்பதற்கு விடை சொல்ல வேண்டியவரே சீட்டுக்கும் பொறுப்பாக இருந்தால், லாரி நிற்கும்பொழுது அவர் கணக்கைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். ஆகவே உற்பத்திப் பொறுப்பும் லேபிள் பொறுப்பும் ஒருவரிடமே இருத்தல் கூடாது. சிறிய சங்கங்களில் தனி ஆள் வைக்க இயலாதெனின், கணக்கரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

விலை மாறும்பொழுது அவருக்குச் சோதனை மிகும். பழைய விலை அச்சிட்ட சீட்டு ஐயாயிரம் எஞ்சியிருக்கும். "மேலே புதிய விலையை ஒட்டிவிடுங்கள், காகிதம் வீணாக வேண்டாம்" என்பார்கள். பொதுவிதி அதற்கு இடந்தருவதில்லை. விலையைக் குறைப்பதாயின் தனிச் சீட்டு ஒட்டலாம். அதுவும் அச்சிட்ட பழைய விலையை மறைக்கலாகாது. விலையைக் கூட்டுவதற்காக மேலே ஒட்டுவது தவறு. தேவையைக் கணித்துச் சிறுகச் சிறுக அச்சிடுவதே இதற்கு வழி. மலிவாகக் கிடைக்கின்றதென்று இரண்டாண்டுத் தேவையை ஒருங்கே அச்சிட்ட சங்கங்கள் மலிவுக்கு மேல் இழந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

அங்கத்தினர் கடமை

இவ்வளவும் அலுவலர் பாடு என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. சங்கத்தின் பெயர் அவர்களுடைய பெயர். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு படித்து முடிந்தவுடன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகின்றோம். இவ்வாண்டு எத்தனை லேபிள் வாங்கினோம்? எத்தனை ஒட்டினோம், எத்தனை அழித்தோம், எத்தனை இருக்கின்றன? ஒட்டிய எண்ணும், அங்கத்தினரின் சரக்கிலிருந்து உண்டான பொட்டலம் அல்லது சேலையின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா?

நெசவாளருக்கு மூன்றாவது கேள்வி கூலிக் கேள்வியாகும். விவசாயிக்கு அது கொள்முதல் கேள்வியாகும். கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். விடை உடனே கிடைக்குமாயின், அந்த ஏட்டை எழுதியவரை மேடைக்கு அழைத்து ஒரு நன்றி சொல்லுங்கள். அவருக்கு அது அடிக்கடி கிடைப்பதில்லை. விடை கிடைக்காவிடில், கூட்டம் கலைவதற்கு முன்பே அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டும் ஒரு பதிவேடும் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சாவியை ஆணியில் மாட்டாமல் ஒருவர் கையில் கொடுத்து, அவர் பெயரைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.